யந்திரம் கற்ற குரல்

கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்துள்ளது சுள்ளிக்கல். துறைமுகத்தோடு பிணைந்த இவ்வட்டாரத்தில், 1950-களின் தொடக்கத்தில், சுமை ஏற்றி இறக்கும் வேலை கிடைப்பதற்குச் 'சாப்பா' என்னும் உலோக வில்லை தேவைப்பட்டது. திரண்டு நிற்கும் தொழிலாளர் நடுவே அவ்வில்லைகள் வீசி எறியப்படும். கைப்பற்றியவருக்கே அன்றைய வேலை. இம்முறையை எதிர்த்தெழுந்த போராட்டத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று, மட்டாஞ்சேரியில் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து உயிர்ச்சேதமும் உண்டாயிற்று.

1973-ல் கன்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டகம் இத்துறைமுகத்திற்கு வந்தது. நாளடைவில், தோள்கள் சுமந்த மூட்டைகளைப் பாரந்தூக்கிகள் தூக்கலாயின. எனினும் பாரந்தூக்கி எஃகினாலும் மின்விசையினாலும் ஆனது. தொழிலாளியின் உழைப்பு அதற்கு மூலப்பொருளன்று. செயற்கை நுண்ணறிவு இங்குதான் வேறுபடுகிறது. எவருடைய வேலையை அது ஏற்கிறதோ, அவர் முன்பு செய்த வேலையே அதன் மூலப்பொருள்.

பாடகரின் குரலை உதாரணமாகக் கொள்வோம். அவர் பாடிய ஒலிப்பதிவுகள் முதலில் எண்களாக மாற்றப்படுகின்றன. அவ்வெண்களிலிருந்து அவருடைய குரலுக்கே உரிய நாதத்தைக் கணிப்பொறி கற்றுக்கொள்கிறது. பின்னர் வேறொருவர் ஒரு புதிய பாட்டைப் பாடினால், சுருதியும் தாளமும் அவருடையனவாகவே நிற்க, குரலின் சாயல் மட்டும் முதற்பாடகருடையதாகிவிடுகிறது.

2024-ல் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்தில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இவ்வாறே ஒலித்தன. அவ்விருவரின் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கப்பட்டதாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார்.

அனுமதி கேளாமல் பயன்படுத்தினால் என் செய்வது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் இயற்றப்பட்டது. கணிப்பொறியால் உண்டாகும் படைப்பிற்கு, அதனை உண்டாகச் செய்தவரே ஆசிரியர் என்னும் விதி 1994-ல் சேர்க்கப்பட்டது. யந்திரத்திலிருந்து வெளிவருவதைப் பற்றியதே இவ்விதி; யந்திரத்தினுள் இடப்படுவதைப் பற்றியதன்று. அவ்வினா இப்பொழுது நீதிமன்றங்களின் முன் வந்துள்ளது. தன் செய்திகளை அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக, ஓப்பன்ஏஐ நிறுவனத்தின்மீது ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவரது இசைவின்றிப் போலியாக உண்டாக்குவதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது.

புகழ்பெற்ற பாடகர் நீதிமன்றத்தை நாட இயலும். கூட்டாகப் பாடுவோருக்கும், பின்னணிக் குரல் கொடுப்போருக்கும், விளம்பரச் சித்திரம் வரைவோருக்கும் அது எளிதன்று. அவர்களுடைய பழைய உழைப்பே அவர்களுடைய புதிய வேலைக்குப் போட்டியாகக்கூடும். வில்லை எறியும் முறையை எதிர்த்தவர்கள் துறைமுகத்தை எதிர்த்தவர்களல்லர். வேலை எவருக்கு, எம்முறையில் என்பதற்கு ஒரு நியாயமான விதியையே வேண்டினர். கலைஞரும் இன்று வேண்டுவன அத்தகையனவே: பயன்படுத்துமுன் இசைவு, பயன்படுத்தியதற்கு ஊதியம், படைப்பில் தம் பெயர்.