ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் தொடை

மும்பை கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துத் தரை எவ்வளவு சமதளம் என்பதை ஆண்டுதோறும் மழை காட்டிக்கொடுக்கிறது. கனமழையும் கடலின் ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டால் காந்தி மார்க்கெட் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வடிந்தோடச் சரிவு கிடையாது. இந்தத் தரையில்தான் மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர்க்காரர்கள் விடியற்காலையில் ஓடிப் பழகுகிறார்கள். மகேஸ்வரி உத்யானைச் சுற்றியும் ஃபைவ் கார்டன்ஸ் மர நிழலிலும் ஓடி, ஜனவரியில் மும்பை மாரத்தானுக்குப் போகிறார்கள். 2004-இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில் பெரிய மேடு என்று எல்லோரும் பேசுவது பெடர் ரோடு ஏற்றத்தைத்தான். அதையும் முடித்துவிட்டவர்களின் அடுத்த ஆசை மலை. மழைக்காலம் முடியும் தறுவாயில் சதாராவில் நடக்கும் மலை அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். 2012 முதல் நடந்துவரும் இந்த ஓட்டம், ஊருக்குள் தொடங்கி யவதேஷ்வர் மலைப்பாதையில் ஏறி, காஸ் பீடபூமிக்குப் போகும் சாலையில் பாதித் தூரம் போனதும் திரும்பி, ஏறிய வழியிலேயே இறங்குகிறது. ஒரு பக்கம் பச்சைச் சரிவு, மறுபக்கம் மேகம் தவழும் பள்ளத்தாக்கு. பத்து கிலோமீட்டருக்கு ஏற்றம், பத்து கிலோமீட்டருக்கு இறக்கம். தயாராகிறவர்களின் கவலை முழுக்க அந்த முதல் பத்தில்தான் இருக்கிறது. அந்தக் கவலை இடம் மாற வேண்டும் என்பதற்கு அறிவியலில் போதிய சான்று உண்டு. சமதளத்து ஓட்டக்காரருக்கு மலை வைக்கும் உண்மையான சோதனை இறக்கம்.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரத்தையே பார்த்துவிடலாம். இத்தாலிய உடலியல் ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டியும் சகாக்களும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்ந்த மலை ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஏற்றி, செங்குத்தான ஏற்றம் முதல் செங்குத்தான இறக்கம் வரை பல சாய்வுகளில் ஓடவைத்து, அவர்கள் உள்ளிழுத்த ஆக்சிஜனைக் கொண்டு செலவான ஆற்றலைக் கணக்கிட்டார்கள். சமதளத்தில் ஒரு கிலோ உடல் எடையை ஒரு மீட்டர் நகர்த்த ஏறத்தாழ 3.4 ஜூல் செலவாகிறது. நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் கீழே போகும் சரிவில் இது பாதியாகி 1.73 ஜூலுக்கு வந்துவிடுகிறது. ஓடுவதற்கு ஆகக் குறைந்த செலவு பிடிக்கும் சாய்வு அதுதான். அதைவிடச் செங்குத்தானால் செலவு மறுபடி ஏறுகிறது. சாதாரண மலைப்பாதைச் சரிவு இந்த எல்லைக்குள்தான் வரும். ஆக ஆற்றல் கணக்கில் இறக்கம் லாபம்தான், ஏற்றமே செலவு. அந்த லாபம் நஷ்டத்தை ஈடுகட்டாது என்பதும் இதே ஆய்வில் தெரிகிறது: பத்து சதவீத ஏற்றத்தில் கூடுதலாகும் செலவோடு ஒப்பிட்டால், அதே அளவு இறக்கத்தில் மிச்சமாவது ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. ‘மேலே விட்ட நேரத்தைக் கீழே பிடித்துவிடலாம்’ என்று நம்பி வேகம் கூட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் இந்த ஆய்வு அளந்தது ஆக்சிஜனை மட்டும். தசை எவ்வளவு சிதைகிறது என்பதை ஆக்சிஜன் அளவு சொல்லாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆக்சிஜன் செலவும் தசை தாங்கும் சுமையும் வேறு வேறு என்பதை 1952-இல் லண்டனில் நடந்த சோதனை ஒன்று கண்முன் நிறுத்தியது. அபட், பிரெண்டா பிக்லண்ட், ரிச்சி ஆகிய மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே செயினால் பிணைத்தார்கள். ஒருவர் வழக்கம்போல் முன்னோக்கி மிதிப்பார். மற்றவரின் பெடல் அதனால் பின்னோக்கிச் சுழலும். அவர் வேலை அந்தச் சுழற்சியைக் காலால் அழுத்தித் தடுப்பது. இருவரின் கால்மீதும் விழும் விசை ஒன்றே, வேகமும் ஒன்றே. ஆனால் மிதிப்பவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன், தடுப்பவருக்குத் தேவைப்பட்டதைப் போல, வேகத்துக்கு ஏற்ப, இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்குவரை இருந்தது. சிறிய உடல்வாகுள்ள ஒரு பெண் தடுக்கும் இருக்கையில் உட்கார்ந்து, வாட்டசாட்டமான ஆணை மூச்சிரைக்க வைத்துவிட முடிந்தது. தசை சுருங்கியபடி இழுத்தால் செலவு அதிகம். நீண்டுகொடுத்தபடி தாங்கிப் பிடித்தால் செலவு குறைவு. ஏறும்போது தொடை செய்வது முதல் வேலை, இறங்கும்போது செய்வது இரண்டாவது.

செலவு குறைவதற்கான காரணத்திலேயே ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. நீண்டபடி தாங்கும்போது அதே விசைக்குக் குறைந்த எண்ணிக்கையிலான தசை இழைகளே வேலைக்கு வருகின்றன. ஆகவே ஒவ்வோர் இழையின் மீதும் சுமை கூடுகிறது. இறக்கத்தில் கால் விழும் கணத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது. உடல் எடை முழுவதும் வேகத்தோடு அதன்மேல் வந்து இறங்குகிறது. முழங்கால் மடங்கப் பார்க்கிறது. முற்றிலும் மடங்கிவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். தொடையின் முன்பக்கத்து நான்கு தலைத் தசை இறுகிப் பிடித்து, ஆனாலும் அங்குலம் அங்குலமாக விட்டுக்கொடுத்து, அந்த மடிப்பை மெதுவாக்குகிறது. மலைப்பாதையில் இறங்கும் சுமைலாரி பிரேக்கை மிதித்தபடியே வருவதற்கு ஒப்பான வேலை இது. எரிபொருள் அதிகம் போகாது, பிரேக் தேய்ந்துவிடும். காட்ஷால், கிராம் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் இதை எண்ணில் காட்டினார்கள். ஒன்பது டிகிரி இறக்கத்தில், சமதளத்தோடு ஒப்பிட்டால், கால் தரையில் மோதும் உச்ச விசை 54 சதவீதமும் பின்னோக்கித் தடுக்கும் உச்ச விசை 73 சதவீதமும் கூடுகின்றன. நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஒரு மணி நேரம் இறங்கினால் ஒவ்வொரு காலும் ஐயாயிரம் முறைக்கு மேல் இப்படித் தடுக்கிறது. தசை இழைக்குள் வரிசையாக அடுக்கப்பட்ட நுண்ணிய அலகுகளில் வலுக்குறைந்தவை அளவுக்கு மீறி இழுபட்டுச் சிதைவது அப்போதுதான்.

மறுநாள் படியிறங்கும்போது தொடையில் எடுக்கும் வலியை லாக்டிக் அமிலத்தின் தலையில் கட்டுவது இன்றும் ஜிம்களில் நடக்கிறது. அமெரிக்காவின் தியடோர் ஹஃப் 1902-லேயே தசைக்குள் ஏற்படும் கிழிசலைக் காரணமாகச் சந்தேகித்தார். 1983-இல் ஒரு தெளிவான ஒப்பீடு வந்தது. சமதளத்திலும் பத்து சதவீத இறக்கத்திலும் முக்கால் மணி நேரம் ஓடவைத்துப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியபோது ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது, வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியபோது அமிலம் ஏறவில்லை, அடுத்த நாட்களில் வலி வந்தது. வலி உச்சத்துக்குப் போக ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை ஆகிறது. ஆனால் தசை வலுவிழப்பது ஓட்டத்தின் போதே தொடங்கிவிடுகிறது. ஆக, இறக்கத்தில் ஓடுகிறவருக்கு மூச்சு சீராக இருக்கிறது, நெஞ்சு படபடக்கவில்லை, வலியும் இன்னும் வரவில்லை. எச்சரிக்கும் மணிகள் மூன்றும் ஊமையாக இருக்க, தொடை மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. சமதளத்தில் பழகியவர் வேகத்தை மூச்சைக் கொண்டே அளக்கக் கற்றவர். அந்த அளவுகோல் இறக்கத்தில் உதவாது.

இதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது பாஸ்டன் மாரத்தான். ஹாப்கின்டனில் தொடங்கி நகரத்தில் முடியும்போது பாதை சுமார் 140 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும் பாதையில் உலக சாதனை செல்லாது என்பது விதி. 2011-இல் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடியும் அது சாதனைப் பட்டியலில் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம். இவ்வளவு இறங்கும் பாதையில் ஓட்டக்காரர்கள் நடுங்குவது, 32-வது கிலோமீட்டரைத் தாண்டி வரும் ஹார்ட்பிரேக் ஹில் என்ற மேட்டுக்கு. அதன் உயரம் சுமார் 27 மீட்டர், ஒன்பது மாடிக் கட்டடம் அளவு. முன்பாதியின் நீண்ட இறக்கத்தில் அடிவாங்கிய தொடையோடு வருவதால்தான் அந்தச் சின்ன மேடு இதயத்தை நொறுக்குகிறது என்பார்கள். இந்த வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. முப்பது கிலோமீட்டரைத் தாண்டினால் தசையில் சேமித்த கிளைக்கோஜன் தீர்ந்து தள்ளாடுவது முழுச் சமதளப் பாதையிலும் உண்டு. பாஸ்டனில் இரண்டு காரணங்களும் ஒரே இடத்தில் கூடுகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்று பாதையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துக் காட்டுவது மேலே சொன்ன ஆய்வகச் சோதனைகள்தான். இறக்கத்தின் கேடு அவற்றில் முக்கால் மணி நேரத்திலேயே, எரிபொருள் தீரும் முன்பே தெரிந்துவிடுகிறது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மலை ஓட்டத்தில் நேரத்தின் பெரும்பகுதி ஏற்றத்திலேயே கழிகிறது. ஆகவே பயிற்சியையும் அதற்கே கொடுப்பதுதானே கணக்கு? கணக்கு சரிதான், ஆனால் கிங்ஸ் சர்க்கிளில் வசிப்பவர் எதைத் தரையிலேயே சம்பாதிக்க முடியும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஏற்றம் கேட்பது இதயமும் நுரையீரலும். ஃபைவ் கார்டன்ஸில் வேகமாக ஓடி நிதானித்து, மறுபடி வேகமெடுத்து ஓடினால் அவை இரண்டும் வலுப்படும்; மும்பையின் புழுக்கமே பாதி வேலையைச் செய்துவிடும். தடுத்து இறங்கும் திறனைச் சமதளம் மிகக் கொஞ்சமாகத்தான் தருகிறது. இல்லாததைத் தேடிப் போய்ப் பழகுவதுதான் புத்திசாலித்தனம். அதற்கு நிறையப் பழகவும் தேவையில்லை என்பது இந்தத் துறையின் மிக நல்ல செய்தி. ஒரே ஒருமுறை மிதமாக இறக்கத்தில் ஓடியவர்கள் மூன்று வாரமோ ஆறு வாரமோ கழித்து மறுபடி இறங்கியபோது வலி வெகுவாகக் குறைந்திருந்ததை 1985-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்பது வாரம் கழித்து இறங்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு போயிருந்தது. தசை ஒருமுறை பட்ட அடியை நினைவில் வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இதயத்தைப் பழக்க மாதக்கணக்கு. தொடையைப் பழக்கச் சில அமர்வுகள் போதும்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன் வண்டி ஏறி அந்தேரியில் மாறினால் போரிவலி. அங்கே நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. நகரத்துக்கு நடுவே இப்படி ஒரு காடு கிடைத்தது மும்பைக்காரர்களின் பெரும்பேறு. வாயிலிலிருந்து கான்ஹேரி குகைகளுக்குப் போகும் ஆறு கிலோமீட்டர் சாலை மரங்களுக்கிடையே ஏறி இறங்கி, கடைசியில் நன்றாகவே ஏறுகிறது. திரும்பும்போது அது அத்தனையும் இறக்கம். எரிமலைப் பாறையைக் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளை இணைக்கும் கல்படிகளில் நிதானமாக நடந்து இறங்குவதே தொடைக்கு முதல் பாடம். மழையில் பாசி படிந்திருக்கும்போது மட்டும் அந்தப் படிகளை விட்டுவிட வேண்டும். சிறுத்தைகள் வாழும் காடு அது. பூங்கா அனுமதிக்கும் நேரத்தில், சாலையை விட்டு விலகாமல், காதில் பாட்டை மாட்டிக்கொள்ளாமல், நாலு பேராகச் சேர்ந்து ஓடுவதே நமக்கும் அவற்றுக்கும் நல்லது. அவ்வளவு தூரம் போக வாய்க்காத வாரங்களில் குடியிருக்கும் கட்டடமே போதும். மாட்டுங்கா மேம்பாலத்தின் அடியில் நர்மதை நதியின் வளைவுகளை வைத்து அமைத்த நானாலால் மேத்தா தோட்டத்து நடைபாதை காலை நடைக்கு அருமையானது, ஆனால் சரிவு கிடையாது. சரிவுக்காக மேம்பாலத்தின் மேல் வாகனங்களுக்கு நடுவே ஓடுவது உயிரோடு விளையாடுவது. மாடிப்படிதான் வழி.

முழங்கால் கெட்டுவிடுமே என்ற பயம் வீட்டுக்கு வீடு உண்டு. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு. போட்டிக்காகவே ஓடுகிறவர்களில் இது 13.3 சதவீதம். உடல்நலமுள்ளவர்களே ஓட வருகிறார்கள் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் ஓட்டத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது. இறக்கத்தைத் தனியாக அளந்த எண்களும் அல்ல இவை. இறங்கும்போது முழங்கால் சிப்பியின் பின்புறம் அழுத்தம் கூடுவதும் உண்மை. அதற்கு மாற்று, அடியைக் குறுக்கி வைப்பது: எட்டி எட்டி வைத்தால் ஒவ்வோர் அடியும் ஒரு பிரேக், உடலுக்கு நேர் கீழே சின்னச் சின்னதாக வைத்தால் அதே சுமை பல அடிகளுக்குப் பகிர்ந்துபோகும். முட்டியில் ஏற்கெனவே வலியோ வீக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இறங்குவதை ஓட்டக்காரர்களின் விஷயம் என்று ஒதுக்கவும் கூடாது. தைவானில் உடல் பருமனுள்ள முதிய பெண்கள் முப்பது பேரை இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தி 2017-இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு வாரம் ஒரு குழு படியேறியது, லிஃப்டில் இறங்கியது. இன்னொரு குழு லிஃப்டில் ஏறியது, படியிறங்கியது. தொடை வலு, எலும்பின் அடர்த்தி, ரத்த அழுத்தம், இன்சுலின் வேலைசெய்யும் திறன் ஆகியவற்றில் அதிகம் முன்னேறியது இறங்கிய குழுதான். மூச்சு வாங்காமலே கிடைத்த பலன் அது. தாராவியிலும் செம்பூரிலும் எழும்பிவரும் அடுக்குமாடிகளில் லிஃப்ட் இருக்கிறது, கைப்பிடி வைத்த படிக்கட்டும் இருக்கிறது. முதல் வாரம் இரண்டு மாடி, வலி அடங்கியதும் நான்கு, பிறகு பத்து என்று கூட்டிக்கொண்டு போகலாம். சதாராவுக்குப் போகிறவர்கள் கான்ஹேரிச் சாலையின் கடைசி நீண்ட இறக்கத்தை ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். அப்போதுதான் பட்ட அடி ஆறியிருக்கும், பெற்ற பாதுகாப்பும் மிச்சமிருக்கும்.