செவிகொடுக்கும் நட்பு: ஒரு கோயிலில் தோன்றி வெளியே வளர்ந்த பணி

மனமுடைந்தோருக்கும் வாழ்வை முடித்துக்கொள்ள எண்ணுவோருக்கும் துணைநிற்கும் தன்னார்வ அமைப்புகள் இன்று நம் நகரங்களில் செயல்பட்டு வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சமயச் சார்பற்றவை. அங்கே வேதவாசிப்பு இல்லை, ஜெபம் இல்லை, ஆண்டவரின் திருப்பெயர் உச்சரிக்கப்படுவதுமில்லை. ஆதலால் இவற்றிற்கு நம் சபையாரைத் தொண்டர்களாக அனுப்புவது தகுமா என்றும், துயருறும் சபையாரை அங்கே வழிகாட்டி அனுப்புவது மேய்ப்பன் தன் பொறுப்பைக் கைகழுவுவது ஆகாதா என்றும் குருமார் சிலர் வினவுகின்றனர். ஆயர்பணி வகுப்பிலும் இவ்வினா ஆண்டுதோறும் எழுகின்றது. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. விடை காண வேண்டுமாயின், இத்தகைய பணி எங்கே, யாரால், எவ்வாறு தோன்றிற்று என்பதை முதலில் அறிதல் நலம்.

தோற்றுவித்தவர் ஒரு குருவானவர். ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த சாட் வாரா என்பவர் 1935ஆம் ஆண்டில் லிங்கன் நகரில் உதவிக் குருவாயிருந்தபோது நடத்திய முதல் அடக்க ஆராதனை, தன்னுயிரை மாய்த்துக்கொண்ட பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. அவள் பூப்பெய்தியிருந்தாள். அதனைக் கொடிய பால்வினை நோய் என்று தவறாக எண்ணி, யாரிடமும் கேட்க அஞ்சி மாண்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது, அச்சமின்றி ஒரு கேள்வியைக் கேட்பதற்கு ஒரே ஒரு மனிதர். அந்த ஊரில் கோயில்கள் இருந்தன, குருமாரும் இருந்தனர் என்பதை நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழித்து, லண்டன் மாநகரில் நாள்தோறும் மூவர் தற்கொலை செய்துகொள்கின்றனர் என்ற செய்தியை வாரா படித்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம். அந்நிலை 1961இல்தான் மாறியது. தீப்பிடித்தால் அழைப்பதற்கு ஓர் எண் இருப்பதுபோல், சாக எண்ணுபவர் அழைப்பதற்கும் ஓர் எண் வேண்டுமென்று அவர் கருதினார். போரில் குண்டுவீச்சால் சேதமுற்றிருந்த புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கிருந்து 1953 நவம்பர் 2ஆம் நாள் பணி தொடங்கிற்று. தாம் விரும்பிய 9000 என்னும் எண்ணைக் கேட்கத் தொலைபேசியை எடுத்தபோது, தூசியைத் துடைத்துப் பார்த்தால் அதே எண்ணே அக்கருவியில் முன்னரே எழுதப்பட்டிருந்தது என்று அவர் சொல்வதுண்டு. செய்தித்தாள் ஒன்று இப்பணியைக் குறிக்க நல்ல சமாரியன் என்னும் சொல்லை ஆண்டது. அதுவே பின்னர் ‘சமாரியர்கள்’ என்னும் பெயராக நிலைத்தது.

இனிவரும் பகுதியே குருமாராகிய நாம் மிகவும் கருத்தூன்ற வேண்டியது. அழைத்தவர்களும் நேரில் வந்தவர்களும் பெருகியபோது, ஒவ்வொருவரையும் வாரா தாமே தனியறையில் சந்தித்து ஆற்றுப்படுத்தினார். காத்திருப்போருக்குத் தேநீர் வழங்கி உடனிருக்கச் சபையாரிலும் பிறரிலும் சிலர் முன்வந்தனர். அவர்கள் உளவியல் கற்றவரல்லர், இறையியலும் அறியார். சில மாதங்களில் ஒரு வியப்பு வெளிப்பட்டது. தேநீர் அருந்தியவாறு அத்தொண்டர்களிடம் மனந்திறந்து பேசியவர்களுள் பலர், இனிக் குருவானவரைக் காணத் தேவையில்லை என்று சொல்லி எழுந்து சென்றனர். எவருக்கு மருத்துவ உதவி வேண்டும், எவருக்கு ஆழ்ந்த ஆலோசனை வேண்டும் என்பதும் அவ்வுரையாடலிலேயே தெளிந்தது. 1954 பிப்ரவரியில் வாரா தொலைபேசியையே தொண்டர்கள் கையில் ஒப்படைத்துவிட்டார். கற்றறிந்த ஒருவர், கல்லாதவர் தம்மினும் நன்றாகச் செய்வதைக் கண்டு தம் இடத்தை விட்டுக்கொடுத்தல் அரிது. குருமாரிடையே அது இன்னும் அரிது.

அவர்கள் செய்ததை ‘நட்பளித்தல்’ என்று அவர் அழைத்தார். அதன் விதிகள் சில. தொண்டர் அறிவுரை கூறலாகாது, தீர்ப்பிடலாகாது, கேட்டதை வெளியே சொல்லலாகாது. சாகும் எண்ணம் உண்டா என்பதைச் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்று நம்மில் பலர் அஞ்சுகின்றனர். உண்மை வேறு. தனியே சுமந்த எண்ணத்தை ஒருவர் பெயரிட்டுக் கேட்கும்போது, பாரம் குறைந்ததென்றே பெரும்பாலோர் உணர்கின்றனர். இவற்றோடு மற்றொரு விதியும் உண்டு: தொண்டர் எச்சமயத்தவராயினும், தம் சமயத்தை அழைப்பவர்மீது திணித்தல் அறவே கூடாது. இவ்விதியை வகுத்தவரும் குருவானவரே.

இது அருட்செய்தியை மறைத்தலாகாதா? நமது கருத்து இது. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன், தொழத்தக்க இடம் எருசலேமா கெரிசீம் மலையா என்று வாதிடவில்லை. யூதருக்கும் சமாரியருக்கும் இடையே அதனினும் பெரிய வழக்கு வேறில்லை. அவனோ எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான். அந்நிகழ்வை உவமையாக உரைத்த ஆண்டவர், சமாரியனின் மௌனத்தைக் குறையென்று சுட்டவில்லை. மேலும், உயிருக்கும் சாவுக்கும் இடையே தத்தளிப்பவர் எதையும் ஒப்புக்கொள்ளும் நிலையிலிருக்கிறார். அந்நிலையில் பெறும் சம்மதத்தை விசுவாசம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுதல் முறையாகாது. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். இறையியல் பேசத் தொடங்கிய பின்னரே துன்பம் விளைத்தனர்.

இப்பணி நம் பகுதிகளுக்கும் வந்தது. இலங்கையில் ‘சுமித்ரயோ’ 1974இல் தொடங்கப்பட்டது. சென்னையில் 1986ஆம் ஆண்டு, மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’ என்னும் அமைப்பை நிறுவினார். பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஊதியமின்றித் தொலைபேசியிலும் நேரிலும் செவிகொடுக்கின்றனர். அவ்வமைப்பு அழைப்புக்காகக் காத்திருந்ததோடு நின்றுவிடவில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபின், சென்னைக் கடற்கரையிலுள்ள சீனிவாசபுரத்தில் உறவினரை இழந்தோரின் இல்லங்களுக்குத் தொண்டர்கள் தொடர்ந்து சென்று உடனிருந்தனர். இவ்வாறு துணைபெற்றோரிடம், துணைபெறாத வேறொரு குப்பத்தாரைவிட மனச்சோர்வு குறைந்திருந்ததென்று 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் நடந்தது இன்னும் கருதத்தக்கது. நம் சிற்றூர்களில் பூச்சிமருந்து வீட்டிலேயே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். ஒரு சண்டை, ஓர் அவமானம், ஒரு கடன்காரனின் சொல். அந்த நாழிகையின் வேகத்தில் உயிர் போய்விடுகிறது. அவ்வேகம் தணிய இடைவெளி கிடைத்தால் பலர் பிழைப்பர். ஆதலின் பூச்செடி பயிரிடும் இரு சிற்றூர்களில், வங்கிப் பெட்டகம்போல் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகள் அமைத்து, உழவர் தத்தம் மருந்தை அங்கே வைத்தெடுக்கச் செய்தனர். ஊரார் இத்திட்டத்தை ஏற்றுக்கொண்டனர் என்பதும், தற்கொலைகள் குறைந்தன என்பதும் 2013இல் வெளியான அவ்வாய்வின் முடிவு. மனநலப் பணி என்றவுடன் நாம் பேச்சையே எண்ணுகிறோம். ஒரு பூட்டும் சாவியும் ஆற்றுப்படுத்தும் பணியின் பகுதியாகலாம் என்பது நாட்டுப்புறச் சேகரங்களில் பணியாற்றும் குருமார் அறிய வேண்டிய செய்தி. பள்ளிக் கட்டடமும் கோயில் வளாகமும் உள்ள சபைக்கு இதற்கு இடமில்லையென்று சொல்ல முடியாது.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். இவையெல்லாம் குருவானவரே செய்யக்கூடியவை அல்லவா என்று கேட்கலாம். ஓரளவே. நம் குருமார் அதிகாரம் உடையவர்கள். திருமண ஓலை வாசிப்பவர் அவர். திருவிருந்திலிருந்து விலக்குபவர் அவர். பள்ளி வேலைக்குப் பரிந்துரை எழுதுபவரும் பல இடங்களில் அவரே. குடும்பத்தார் எல்லாரையும் அவர் அறிவார். அவர்களும் அவரை அறிவர். ஆயர் இல்லத்தின் திண்ணையில் யார் உட்கார்ந்து அழுதார் என்பதைக் கோயில்பிள்ளை முதல் சேகரக் குழுவரை மாலைக்குள் அறிந்துவிடும். இந்நிலையில் கணவனால் வதைக்கப்படும் பெண்ணோ, கடனில் மூழ்கிய ஆசிரியரோ, தேர்வில் தோற்ற மாணவனோ, தம்மை அறியாத ஒருவரிடம் பேசுவதையே நாடுவர். அதைக் குருவானவர் தமக்கு நேர்ந்த குறைவாகக் கருதலாகாது. கேட்ட துயரத்தைப் பெயரை மட்டும் மாற்றி அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எடுத்துக்காட்டாக வழங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சிற்றூரில் பெயர் மாற்றம் எதையும் மறைப்பதில்லை.

மற்றொன்றும் சொல்லத்தான் வேண்டும். நம் இல்லச் சந்திப்புகளில் ஜெபம் பெரும்பாலும் பேச்சை முடிப்பதற்கான குறியாகிவிட்டது. துயருற்றவர் முக்கியமானதைச் சொல்ல வாய்திறக்கும் வேளையில், ‘ஜெபித்துக்கொள்வோமா’ என்கிறோம். கண்களை மூடுகிறார், கதவும் மூடிவிடுகிறது. ஜெபத்தின் குறைவன்று இது. ஜெபத்தைக் கொண்டு தப்பித்துக்கொள்ளும் நம் அச்சத்தின் விளைவு.

நட்பளித்தல் எல்லாவற்றிற்கும் போதுமானதன்று. கடும் மனச்சோர்வும் மனச்சிதைவும் நோய்கள். அவற்றிற்கு மருந்து வேண்டும். சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிய எலியாவைத் தூதன் முதலில் உறங்கவிட்டு, அப்பமும் தண்ணீரும் இருமுறை கொடுத்தான். மலையின்மேல் இறைவனின் சொல் அதன் பின்னரே வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், 1950களிலிருந்தே நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை வளர்ந்து வந்திருக்கிறது. இப்படியொரு மரபு நமக்கிருந்தும், பேய்பிடித்ததென்று கூறி மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் ஜெபவீடுகளுக்கு நம் சபையார் செல்வதைக் கண்டும் காணாதிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். அதனை வேறு சமயத்தாரின் குற்றமென்று ஒதுக்கிவிடும் உரிமை நமக்கில்லை. சமாரியனும் தன்னால் இயன்றதைச் செய்தபின், காயமுற்றவனைச் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து ஒப்படைத்தான். திரும்பி வருவதாகவும் சொன்னான். வழிகாட்டி அனுப்புதல் என்பதன் முழுப்பொருளும் அதில் உண்டு: மருத்துவரிடம் அனுப்பியபின் மீண்டும் போய்ப் பார்க்கும் கடமை நம்முடையது.

அடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். தன்மேல் கைபோட்டு இறந்தோருக்கு அடக்க முறைமையைப் பயன்படுத்தலாகாது என்னும் குறிப்பு 1662ஆம் ஆண்டுப் பொதுஜெப நூலில் உள்ளது. அதன் நிழல் இன்னும் சில கல்லறைத் தோட்டங்களில் மூலையில் ஒதுக்கிய குழியாகவும், ஒலிக்காத மணியாகவும் நீடிக்கிறது. நாட்டின் சட்டமோ நகர்ந்துவிட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவர் என்றே முதலில் கருதுகிறது; அவருக்குப் பராமரிப்பளிப்பது அரசின் கடமையென்றும் கூறுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் சட்டத் தொகுப்பில், பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் பொருட்டுச் செய்யும் முயற்சி மட்டுமே குற்றமாக எஞ்சியுள்ளது. காவல்துறையே கேள்வி கேட்காத தாயிடம், அவள் மகனுக்கு மணி அடிக்கலாமா என்று சேகரக் குழு கூடி ஆராய்வது எவ்வாறு பொருந்தும்? அவளும் அவள் குடும்பத்தாரும் அடுத்த ஆபத்தின் விளிம்பில் நிற்பவர்கள். நெருங்கியவரைத் தற்கொலையில் இழந்தோருக்கே அவ்வாபத்து மிகுதி.

சேகரங்களில் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. 2022 அக்டோபர் 10ஆம் நாள் ஒன்றிய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்னும் எண்ணைக் கோயில் அறிவிப்புப் பலகையில் நிலையாக எழுதி வைக்கலாம்; தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் ஆராதனையில் வாசிக்கவும் செய்யலாம். செவிகொடுக்கும் பொறுமையுள்ள சபையாரை, ஓய்வுபெற்ற ஆசிரியைகளையும் செவிலியரையும் சிறப்பாக, இத்தகைய அமைப்புகளின் பயிற்சிக்கு அனுப்பலாம். அவர்களிடம் எத்தனை பேரைச் சந்தித்தீர், யார் யார் என்று பின்னர் வினவாமல் இருத்தல் வேண்டும். இறையியல் மாணவர் தம் களப்பணிக் காலத்தில் சில வாரங்களேனும் அங்கே தேநீர் வழங்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். குருமாரும் களைத்துப்போகிறவர்களே. பேராயரிடமோ உடன்குருவிடமோ சொல்ல இயலாததைச் சொல்ல வேண்டிய இரவு அவர்களுக்கும் வரும். சிநேகா போன்ற இடங்களில் பெயரையோ பட்டத்தையோ சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.