பற்றுச்சீட்டு இல்லாத குடியிருப்பாளர்: ஜிந்துப்பிட்டியும் கொழும்பின் வீடமைப்புக் கொள்கையும்

கொழும்பு மாநகரின் வீட்டுப் பிரச்சினை பெரும்பாலும் வீடுகளின் பற்றாக்குறையாகவே விளக்கப்படுகிறது. ஆனால் ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளை நோக்குமிடத்து வேறொரு வினா முதன்மை பெறுகிறது. அரசு வழங்கிய வீட்டுரிமைகள் யாருடைய பெயரில் வழங்கப்பட்டன என்பதே அவ்வினா.

1885இல் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் நிறைவெய்தியதன் பின்னர் கொழும்புத் துறைமுகம் துரிதமாக வளர்ந்தது. துறைமுகத்திலும் மாநகரசபைத் துப்புரவுப் பணியிலும் பண்டகசாலைகளிலும் உழைக்க வந்தோர் தொழில் நடைபெறும் இடத்துக்கு அருகிலேயே குடியிருக்க வேண்டியவராயினர். செல்வந்தர் கறுவாத்தோட்டத்தை நாடிச் செல்ல, அவர்கள் விட்டுச்சென்ற மாளிகைகள் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டன. எஞ்சிய நிலங்களில் பொதுக் குழாயும் பொது மலசலகூடமும் கொண்ட வரிசை வீடுகள் எழுந்தன. 'தோட்டம்' என்றும் 'முடுக்கு' என்றும் வழங்கும் குடியிருப்புகள் இவ்வாறு தோன்றியவையே.

வாடகைக் கட்டுப்பாடு 1942இல் தொடங்கி, 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில் உச்சம் பெற்றது. மாத நியம வாடகை நூறு ரூபாவுக்கு மேற்படாத வீடுகளில் வாழ்ந்தோரை வெளியேற்றுவது அதனால் மிகக் கடினமாயிற்று. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், 1973இல் நிறைவேறிய வீட்டாதன உச்சவரம்புச் சட்டம் மிகையான வீடுகளை உடைமையாளரிடமிருந்து பெற்று, அங்கு குடியிருந்தோர் அவற்றை வாங்க வழிவகுத்தது. தொழிலாளர் குடும்பங்கள் பல இதனால் முதன்முறையாகக் காலூன்றி நின்றன என்பதை மறுத்தலாகாது.

எனினும் இப்பாதுகாப்பு பற்றுச்சீட்டில் பெயருள்ளவருக்கே உரியதாயிற்று. பின்னர் வந்த வறியவர், அவரிடமே ஓர் அறையையோ அட்டாலையையோ வாய்மொழி ஒப்பந்தத்தில் பெற்றார். நேற்றைய வாடகையாளர் இன்றைய வாடகை வாங்குபவரானார். 1980ஆம் ஆண்டுத் திருத்தம் புதிதாகக் கட்டப்படும் வதிவிடங்களைக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிறுத்தியமையால், அவர் செல்லக்கூடிய வேறிடமும் அருகிற்று.

பற்றுச்சீட்டு இன்மை வாடகையோடு முடிவதன்று. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வாக்காளர் இடாப்பும் வதிவிட ஆவணமும் வேண்டும். வீட்டுக்காரர் இசையாவிடின் அக்குடும்பம், பல்லாண்டு வாழ்ந்த வட்டாரத்திலேயே முகவரியற்றதாகிறது.

2010இன் பின் நகர அபிவிருத்தி அதிகாரசபை முன்னெடுத்த நகர மீளுருவாக்கத் திட்டமும் இக்குறையைக் களையவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு மாடிமனை என்ற கணக்கில், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இரண்டு, மூன்று குடும்பங்கள் ஏறத்தாழ 400 சதுர அடிக்குள் ஒடுங்க நேர்ந்தது. வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் வாசலுமில்லை, வாடிக்கையாளருமில்லை. மாதத் தவணை மட்டும் புதிதாய்ச் சேர்ந்தது.

2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டம் வீட்டின் நிலையையும் வறுமையின் அளவுகோல்களுள் ஒன்றாகக் கொண்டது. தொடக்கத்தில் வறியோர்க்கு மாதம் 8,500 ரூபாவும் மிக வறியோர்க்கு 15,000 ரூபாவும் வரையறுக்கப்பட்டன. ஆயின் கற்சுவரும் மின்விளக்கும் உள்ள நகர அறை, கிராமக் குடிசையினும் வசதியானதாகவே தோன்றும். அவ்வறைக்காகக் கூலியில் எவ்வளவு கழிகிறது என்பதைச் சுவர் சொல்லாது. உதவித்தொகை கிடைப்பினும் அது வாடகையாக அப்படியே கைமாறிச் செல்லக்கூடும்.

ஆகவே உடைமை வழங்குவதே வீடமைப்பு என்னும் கருத்து மறுபரிசீலனைக்குரியது. உப வாடகையாளரைத் தனிக் குடும்பமாகப் பதிதல், வதிவை வீட்டுக்காரரின் சம்மதமின்றியே உறுதிப்படுத்தல், மாநகரசபை குறைந்த வாடகையில் வீடுகளைப் பேணுதல் ஆகிய மூன்றும் உடனடித் தேவைகளாம். வீடுகளை எண்ணும் கொள்கை மனிதரையும் எண்ணத் தொடங்கும்போதே ஜிந்துப்பிட்டியின் கடைசி அறையில் வாழ்பவர் அதன் கணக்கில் இடம்பெறுவார்.