பரிசு கொடுப்பதற்கு முன் பத்திரம் எழுதுங்கள்

'பக்கத்தை ஃபாலோ பண்ணுங்க, மூணு ஃப்ரெண்ட்ஸை டேக் பண்ணுங்க, ஒரு லக்கி வின்னருக்கு ஹெட்போன்!' இன்ஸ்டாகிராமில் புழங்கும் கல்லூரி மாணவர் எவருக்கும் பழகிப்போன அறிவிப்பு இது. இதையே தொழிலாக நடத்தும் மாணவர் குழுக்களும் இருக்கின்றன. புதிதாகத் திறந்த கஃபே, மொபைல் கடை, ஜிம், கோச்சிங் சென்டர் என்று ஏறி இறங்கி ஸ்பான்சர் பிடிக்கிறார்கள். பரிசுப்பொருளோடு ஒரு கட்டணமும் வாங்கிக்கொண்டு, போட்டியை அறிவித்து, குலுக்கல் நடத்துகிறார்கள். முதலீடு என்று பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. அதனாலேயே ஒப்பந்தம் பற்றிய பேச்சும் எழுவதில்லை. 'நமக்குள்ள என்னடா அக்ரிமென்ட்?' என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

ஆனால், எழுதவில்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்றாகிவிடாது. லாபத்தைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்து, எல்லோருக்காகவும் எல்லோருமோ சிலரோ ஒரு தொழிலை நடத்தினால் அது கூட்டாண்மை என்கிறது 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். வாட்ஸ்அப் குழுவில் பேசி முடிவெடுத்து, கூகுள் பேயில் பணத்தைப் பிரித்துக்கொள்ளும் மூன்று நண்பர்களும் இதற்குள் வந்துவிடலாம். அவர்கள் பேசாமல் விட்ட ஒவ்வொரு இடத்தையும் அந்தச் சட்டமே நிரப்பும். அது நிரப்பும் விதம் மூவருக்கும் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்று பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து ரீல்ஸ் எடிட் செய்கிறார். இன்னொருவர் கடைகளுக்குப் போய்ப் பேசுகிறார். மூன்றாமவர் மைக்கும் லைட்டும் வாங்க 15,000 ரூபாய் போட்டிருக்கிறார். எழுத்திலோ பேச்சிலோ எந்த ஏற்பாடும் இல்லையென்றால், 13-ஆவது பிரிவின்படி லாபமும் நஷ்டமும் மூவருக்கும் சமம். எடிட் செய்தவர் தன் உழைப்புக்குத் தனியாகச் சம்பளம் கேட்க முடியாது. அந்த 15,000 ரூபாய் முதலா, கடனா என்பதிலும் தகராறு வரும். முதலுக்கு மேல் கொடுத்த கடன் என்று நிரூபித்தால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. முதல் என்றால் வட்டி கிடையாது. இந்த மூன்றையும் மாற்றி எழுதிக்கொள்ளச் சட்டம் தாராளமாக இடம் தருகிறது. எழுதத்தான் வேண்டும்.

இதைவிடக் கடுமையானது பொறுப்பு. ஒவ்வொரு பங்குதாரரும் நிறுவனத்தின் ஏஜென்ட். நிறுவனத்தின் பெயரில், அதன் வழக்கமான தொழிலுக்காக ஒருவர் செய்யும் காரியம் எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஒருவர் ஒரு ஹோட்டலிடம் 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, சொன்னபடி போட்டி நடத்தாமல் விட்டுவிட்டால், ஹோட்டல்காரர் மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். 25-ஆவது பிரிவு சொல்லும் கூட்டுப்பொறுப்பும் தனிப்பொறுப்பும் இதுதான். 'எனக்குத் தெரியாமல் வாங்கினான்' என்ற பதில் அங்கே எடுபடாது. அந்தப் பொறுப்பு நிறுவனத்தின் கையிருப்போடு நிற்காது, சொந்தப் பணம் வரை வரும். இதற்கு அஞ்சுபவர்கள் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்எல்பி எனும் வரம்புப் பொறுப்புக் கூட்டாண்மை தொடங்கலாம். அதில் பொறுப்புக்கு வரம்பு உண்டு. கூடவே ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யும் வேலையும் உண்டு.

ஆகவே, கூட்டாண்மைப் பத்திரத்தில், அதாவது பார்ட்னர்ஷிப் டீடில், முதலில் எழுத வேண்டியது அதிகாரம் பற்றி என்பேன். 'எந்த ஸ்பான்சர் ஒப்பந்தத்திலும் இரண்டு பங்குதாரர்கள் கையெழுத்திட வேண்டும். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே பெறப்படும்.' இந்த இரண்டு வாக்கியங்கள் போதும். ஆனால் டீடுக்குள் மட்டும் இருந்தால் பயனில்லை. உள்ளே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு வெளியாருக்குத் தெரிந்திருந்தால்தான் அவரைக் கட்டுப்படுத்தும். எனவே ஸ்பான்சருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் அதே இரண்டு வாக்கியங்களும் இருக்கட்டும்.

அடுத்தது, மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று: பக்கம் யாருடையது? இந்தத் தொழிலுக்குக் கடையோ சரக்கோ இல்லை. ஃபாலோயர்கள்தான் சொத்து. அந்தச் சொத்தோ யாரோ ஒருவருடைய ஜிமெயிலிலும், இன்னொருவருடைய செல்பேசிக்கு வரும் ஓடிபியிலும் மாட்டிக்கொண்டிருக்கிறது. மனக்கசப்பு வரும் நாளில் பாஸ்வேர்டை மாற்றியவர்தான் முதலாளி. டீடில் இப்படி ஒரு பத்தி இருக்கலாம்: 'இன்ஸ்டாகிராம், யூடியூப் பக்கங்களும், அவற்றோடு இணைந்த மின்னஞ்சலும், செல்பேசி எண்ணும் நிறுவனத்துக்கு உரியவை. மீட்புக் குறியீடுகள் பங்குதாரர் அனைவரிடமும் இருக்கும். விலகுபவர் ஏழு நாட்களுக்குள் தம் வசமுள்ள அனுமதிகளை ஒப்படைக்க வேண்டும்.' பெயர், லோகோ, எடிட் செய்த வீடியோக்கள் ஆகியவற்றையும் இதே பத்தியில் சேர்த்துவிடுவது நல்லது.

யோசனைக்கும் பெயருக்கும் உரிமை கேட்டு வழக்கு வருமா என்று நினைப்பவர்கள் ஸ்னாப்சாட்டைப் பார்க்கலாம். 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த இவான் ஸ்பீகல், பாபி மர்ஃபி, ரெஜி பிரவுன் என்ற மூன்று நண்பர்கள் கூடியதில் பிறந்தது அது. சில மாதங்களிலேயே பிரவுன் வெளியேற்றப்பட்டார். மறைந்துபோகும் படங்கள் என்ற யோசனை தன்னுடையது, தானும் பங்குதாரர் என்று 2013-ல் வழக்குத் தொடுத்தார். 2014-ல் சமரசம் ஏற்பட்டது. யோசனையில் அவருக்கிருந்த பங்கை நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலை 15 கோடியே 75 லட்சம் டாலர் என்பது, 2017-ல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தபோது தாக்கல் செய்த ஆவணத்தில்தான் தெரியவந்தது.

நம் ஊர்க் கல்லூரிகளுக்கே உரிய சிக்கல் வயது. முதலாண்டில் சேரும்போது பலருக்கு 17-தான். 18 நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பங்குதாரராகவும் முடியாது. மற்றவர்கள் எல்லோரும் சம்மதித்தால் லாபத்தில் மட்டும் பங்கு கொடுக்கலாம் என்கிறது கூட்டாண்மைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு. அப்படிச் சேர்ந்தவர் 18 நிறைந்த ஆறு மாதத்துக்குள், தொடர்கிறாரா விலகுகிறாரா என்று பொது அறிவிப்பு தர வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால் முழுப் பங்குதாரராகிவிடுவார். அது மட்டுமல்ல, லாபத்தில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து ஏற்பட்ட கடன்களும் அவர் தலையில் விழும்.

வெளியேறும் வழியையும் முன்கூட்டியே எழுதுங்கள். இறுதியாண்டு முடிந்து வேலைக்குப் போகிறவருக்கு என்ன கணக்கு? ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதாமல், மாதந்தோறும் பங்கு சேர்வதுபோல் எழுதுவது நியாயம். இரண்டு மாதம் வேலை பார்த்தவரும் இரண்டு வருடம் வேலை பார்த்தவரும் ஒன்றாகிவிடக் கூடாது. விலகியவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொது அறிவிப்பு வெளிவரும் வரை, அவரைப் பங்குதாரர் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்கு அவர் பொறுப்பாளிதான். வாட்ஸ்அப் குழுவிலிருந்து 'லெஃப்ட்' ஆவது பொது அறிவிப்பு ஆகாது. அரசிதழிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் வர வேண்டும்.

ஸ்பான்சருடன் போடும் ஒப்பந்தம் தனி. தமிழ்நாட்டில் அதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. பிஸ்கட், சோப்பு உறைகளில் பரிசுத் திட்டம் அறிவிக்கும்போது, தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொருள் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பதை 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் தடுக்கிறது. லாட்டரிக்கும் 2003 முதல் இங்கே தடை. எனவே, 'எங்க கடையில பில் போட்டவங்க மட்டும் கலந்துக்கட்டும்' என்று ஸ்பான்சர் கேட்டால், மாணவர்கள் மறுத்துவிட வேண்டும். நுழைவுக் கட்டணமும் வேண்டாம். வாங்கவேண்டிய கட்டாயமோ கட்டணமோ இல்லை என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாக்குங்கள். அதிர்ஷ்டத்தை முழுக்க நம்பாமல் திறமைப் போட்டியாக நடத்துவது இன்னும் பாதுகாப்பு. எதுவானாலும் முதல் போட்டிக்கு முன் விதிமுறைகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

அடுத்து வரி. குலுக்கலில் 10,000 ரூபாய்க்கு மேல் பரிசு விழுந்தால் 30 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. 30,000 ரூபாய் செல்பேசி என்றால் 9,000 ரூபாய். பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். வென்ற மாணவி, 'ஃப்ரீ கிஃப்டுக்கு எதுக்குங்க ஒன்பதாயிரம்?' என்று கேட்பார். கேட்பது நியாயம்தான். அந்தத் தொகை ஸ்பான்சருடையதா, வென்றவருடையதா என்பதை ஒப்பந்தத்திலும் போட்டி அறிவிப்பிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வராது.

என் மனத்தில் முதன்மையானது வெல்பவர்தான். பரிசுப்பொருள் மாணவர்கள் கைக்கு வந்த பிறகே போட்டியை அறிவிப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பான்சர் கைவிரித்தால் ஏமாறுவது உங்களை நம்பியவர். கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதையும், முடிவை மறைப்பதையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. முடிவை வெளியிடும் தேதியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பணமோ பொருளோ வாங்கிச் செய்யும் பதிவில், அது விளம்பரம் என்று பதிவின் மொழியிலேயே கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. கலந்துகொண்டவர்களின் செல்பேசி எண்களை ஸ்பான்சர் கேட்டால், அவர்கள் தனியாகச் சம்மதிக்காமல் கொடுக்காதீர்கள்.

டீடை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டதும் நிறுவனத்தைக் கூட்டாண்மை நிறுவனங்களின் பதிவாளரிடம் பதிவு செய்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவில்லாத நிறுவனம், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்துக்காக ஸ்பான்சர்மீது வழக்குப் போட முடியாது. கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு இதற்கு விலக்கு தருவது 100 ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குத்தான். பங்குதாரர்களும் டீடின் அடிப்படையில் ஒருவர்மீது ஒருவர் வழக்குப் போட முடியாது. ஆனால் கூட்டாண்மையைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்குக் கேட்கவும் போகலாம். விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயர், இடம், காலம், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, நிரந்தர முகவரி ஆகியவற்றை எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். நிரந்தர முகவரி கேட்கும் இடத்தில் ஹாஸ்டல் முகவரி வேண்டாம், வீட்டு முகவரியைக் கொடுங்கள். பிறகு யாராவது விலகினாலோ, 18 நிறைந்த இளையவர் முழுப் பங்குதாரரானாலோ, அதையும் பதிவாளருக்குத் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும்.