எந்தச் சட்டத்துறையில் ஈடுபாடு?

சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையில் சித்தியெய்திய இளைஞர்கள் கொழும்பிலுள்ள சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது எதிர்நோக்கும் வினா ஒன்றுண்டு. எத்துறையில் ஈடுபாடு கொண்டுள்ளீர் என்பதே அது. பலரும் 'சகல துறைகளிலும்' என்று எழுதிவிடுகின்றனர். பணிவாகத் தோன்றும் இவ்விடை, விண்ணப்பதாரர் எதனையும் ஆழ்ந்து சிந்திக்கவில்லை என்பதையே உணர்த்தும்.

இவ்வினா வாழ்நாள் வாக்குறுதி எதனையும் கோரவில்லை. ஈடுபாட்டிற்குக் காரணம் உண்டா, அத்துறையின் அன்றாட வேலையை விண்ணப்பதாரர் அறிவாரா, அந்நிறுவனம் அத்துறையில் இயங்குவதை அறிந்துதான் விண்ணப்பித்தாரா என்பவற்றையே அது சோதிக்கின்றது. கம்பனிச் சட்டத்தில் ஆர்வம் என்போர், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பணிப்பாளர் மீது சுமத்தும் கடமைகள் பற்றி நான்கு வசனமேனும் சொல்லக்கூடியவராயிருத்தல் வேண்டும்.

நம்மவரிடம் காணப்படும் இன்னொரு குறை, சொந்த அனுபவத்தைத் தாழ்வாகக் கருதி மறைப்பதாகும். போரினால் இடம்பெயர்ந்த தமிழரும் 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் மீண்டபோது, தம் காணிகளில் பிறர் குடியிருக்கக் கண்டனர். இத்தகையோருக்கு நிவாரணமளிக்கவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேற்றப்பட்டது. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை, வீட்டிலிருந்த பழைய உறுதியை வாசித்தபோதே காணிச் சட்டத்தில் ஈடுபாடு பிறந்ததென எழுதுவதில் வெட்கமென்ன? தமிழ் உறுதிகளை வாசிக்கவும், தேசவழமையையும் முஸ்லிம் தனியார் சட்டத்தையும் விளக்கவும் வல்லவர் எந்நிறுவனத்திற்கும் தேவைப்படுபவரே.

இரவல் ஆர்வம் நேர்முகப் பரீட்சையின் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். உண்மையான காரணத்தைச் சுருக்கமாக எழுதுவோருக்கு அந்த அச்சமில்லை.