சாரணத் தலைவருக்கும் ஒரு வகுப்பு

பூன் லே வட்டாரத்தில் பள்ளி விடும் நேரத்தில் நடந்தால் சீருடைக் குழுப் பிள்ளைகள் கண்ணில் படாமல் போகமாட்டார்கள். இணைப்பாட நடவடிக்கையாகச் சாரணர் இயக்கத்தைப் பிள்ளை தேர்ந்தெடுத்துவிட்டால், சீருடை என்ன விலை, முகாம் எப்போது என்று பெற்றோர் விசாரிப்பார்கள். குழுவை நடத்துபவர் என்ன பயிற்சி பெற்றிருக்கிறார் என்று கேட்பவர் குறைவு.

சிங்கப்பூருக்குச் சாரணர் இயக்கம் 1910இல் வந்தது. இன்று பெரும்பாலான குழுக்கள் பள்ளிகளில்தான் இயங்குகின்றன. அதனால் தலைவராக இருப்பவர் பெரும்பாலும் ஆசிரியர். முன்னாள் சாரணர்கள் தொண்டூழியர்களாகக் கைகொடுப்பார்கள். சிறுவயதில் சாரணச் சீருடையே அணியாத ஆசிரியரிடமும் இந்தப் பொறுப்பு வந்து சேரலாம். முதலில் அடிப்படைப் பயிற்சி, பிறகு உயர்நிலைப் பயிற்சி, அதை முடித்தால் ‘வுட் பேட்ஜ்’.

லண்டனை அடுத்த கில்வெல் பூங்காவில் 1919 செப்டம்பரில், சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் தொடங்கிவைத்த பயிற்சி இது. முடித்தவர் கழுத்தில் தோல் கயிற்றில் கோத்த இரண்டு மரமணிகள் ஏறும். ஆதி மணிகள் ஸூலு மன்னர் தினிஸுலுவின் மாலையிலிருந்து வந்தவை என்பது மரபு. அந்த மாலை பேடன் பவல் கைக்கு எப்படிப் போனது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முகாம் தீயைச் சுற்றி அந்தப் பேச்சு அதிகம் எழுவதில்லை. தமிழ்நாட்டில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ‘இமாலய வுட் பேட்ஜ்’ முடித்த ஆசிரியர்கள் அணிவதும் இதே இரட்டை மணிதான்.

பயிற்சி மரபாக மூன்று பகுதி: படிப்பு, முகாம், பிறகு சொந்தக் குழுவில் செய்துகாட்டுவது. முகாமில் பெரியவர்களே அணிகளாகப் பிரிந்து, கூடாரம் அடித்து, சமைத்து, கழிகளைக் கயிற்றால் கட்டி மேசை செய்வார்கள். கட்டு தளர்ந்தால் மேசை சாயும், குழம்புச் சட்டியும் சேர்ந்து சரியும். அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியது அந்த அணிதான். பயிற்றுநர் கை வைக்கமாட்டார். அணித் தலைவனாகிய பதின்மூன்று வயதுப் பையன் நாளை இதே இடத்தில் தடுமாறும்போது, குறுக்கே புகாமல் நிற்க வேண்டியவர் இந்த ஆசிரியர். முடிச்சை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் லேசில் வராது.

பாதுகாப்பில் மட்டும் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. இடி முழங்கினால் திடலைக் காலி செய்துவிட வேண்டும். வெப்ப அழுத்த அளவு (WBGT) 33 பாகை செல்சியஸைத் தொட்டால் உச்ச நிலை. அணிவகுப்புப் பயிற்சியை நிழலுக்கோ வேறு நாளுக்கோ மாற்ற வேண்டும். பெரியவர் ஒருவர் பிள்ளை ஒருவருடன் யார் கண்ணிலும் படாத இடத்தில் தனித்திருக்கக் கூடாது என்பதும் உலகச் சாரணர் இயக்கம் வலியுறுத்தும் பாலபாடம். முன்னாள் சாரணர் என்ற பழக்கத்தில் வந்து உதவுகிறவருக்கும் இது பொருந்தும். என்னைக் கேட்டால், தொண்டூழியரிடம் முதலில் பார்க்க வேண்டியது மணிகளை அல்ல, இதைத்தான்.

பயிற்சியின் மூன்றாம் பகுதி, அதாவது சொந்தக் குழுவில் செய்துகாட்டுவது, மாதக்கணக்கில் நீளும். அதே மாதங்களில் ஆசிரியருக்குத் தேர்வுத் தாள் திருத்தும் வேலையும் இருக்கும். பயிற்சிக்குப் பள்ளி நேரம் ஒதுக்கித் தருகிறதா என்பதையும், சீருடை விலையோடு சேர்த்துப் பெற்றோர் விசாரிக்கலாம்.