கண்ணாடி நார்க் காருக்குப் புது வர்ணம்

பலாங்கொடையிலிருந்து பெல்மதுளைப் பக்கமாகவேனும் பெலிகுல்ஓயாப் பக்கமாகவேனும் செல்லும் பெருந்தெருவில் கராஜுகளுக்குக் குறைவில்லை. அங்கு வேலை செய்யும் டிங்கர்மாரும் பெயின்ற் பாஸ்மாரும் பழைய ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் புத்தம்புது வண்டிபோல ஆக்கித்தர வல்லவர்கள். 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார்களின் இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில் அவர்கள் கைத்திறனாலேயே பல குடும்பங்களின் வண்டிகள் ஓடின. ஆயினும் அவர்கள் கற்றதெல்லாம் இரும்புத் தகட்டின்மேற் கற்ற கல்வி. கண்ணாடி நாராலான உடலையுடைய கார் ஒன்று அதே கொட்டிலுக்குள் வரும்போது, அதே திறமையே அதற்கு யமனாகி விடலாம். இதனை யான் நூல்வழி அறிந்ததன்று, இழந்து அறிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பராமரிப்பிலிருந்த லோட்டஸ் எலான் காரின் பொனற்றை ஒரு கராஜிற் கொடுத்திருந்தேன். பழைய வர்ணம் ஐந்தாறு படையாகத் தடித்து வெடித்திருந்தது. வேலைக்காரர் வழக்கம்போல வர்ணம் கழற்றும் மருந்தைத் தடித்துப் பூசி, மேலே பொலித்தீன் தாளை விரித்து, இரவு முழுதும் விட்டுவிட்டார். காலையில் வர்ணம் முழுதும் கழன்றது உண்மை. அதனோடு அதன் கீழிருந்த தோலும் நனைந்த பிஸ்கோத்துப்போல இளகி, நார் நாராக எழுந்து நின்றது. அந்தப் பொனற்றை மீட்க முடியவில்லை. அது தகடன்று என்பதை யானே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லாது விட்டது என் பிழை.

இதன் காரணத்தை அறிய, பொருளின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். நாம் பைபர் கிளாஸ் என வழங்குவது தனிப்பொருளன்று. மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகளைப் பாய்போலப் பரப்பி, பொலியெஸ்ரர் என்னும் ரெசினில் தோய்த்து, அச்சினுள் இறுகவைத்த கூட்டுப்பொருள் அது. வலிமை தருவது இழை. வடிவைக் காப்பது ரெசின். அச்சில் முதன்முதற் பூசப்படுவது இழையில்லாத தனி ரெசினாலான ஒரு மெல்லிய படை. ஜெல் கோற் எனப்படும் அப்படையின் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவே. காரின் புறத்தோல் அதுதான். நீர் உட்புகாமற் காப்பதும் அதுவே. காரைநகரிற் சீநோர் தொழிற்சாலை கட்டிய படகுகளைக் கண்டவர்களும், இன்று நம் கரையெங்கும் நிற்கும் மீன்பிடிப் படகுகளைத் தொட்டுப் பார்த்தவர்களும் இப்பொருளை முன்னரே அறிவார்கள்.

மோட்டார் உலகில் இப்பொருள் பெருந்தொகையாகப் புகுந்தது 1953 ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு ஜூன் 30 ஆந் திகதி அமெரிக்காவின் பிளின்ற் நகரில் முதலாவது ஷெவர்லே கோர்வெற் வெளிவந்தது. அவ்வாண்டிற் செய்யப்பட்ட முந்நூறு வண்டிகளும் வெள்ளை நிறத்தன. இங்கிலாந்திற் கொலின் சப்மனுடைய லோட்டஸ் நிறுவனம் 1957 இல் எலீற் என்னும் காரைக் காட்சிக்கு வைத்தது. அதில் அடிச்சட்டம் என்று தனியே ஒன்றில்லை, உடலே சட்டம். 1962 இல் வந்த எலான் வேறு வழியிற் சென்றது. மடித்த இரும்புத் தகட்டாலான முதுகெலும்பின்மேற் கண்ணாடி நார் உடலைப் பூட்டினார்கள். முழு வண்டியும் ஏறத்தாழ எழுநூறு கிலோகிராமே. அதனை உருவாக்கிய ரொன் ஹிக்மன் என்பாரே, பின்னர் உலகெங்கும் தச்சர்கள் வாங்கிய ‘வேர்க்மேற்’ என்னும் மடக்கு மேசையையும் கண்டுபிடித்தவர். பழைய எலானுக்குச் செப்பனிடும் வேலை எவ்வளவு என்று அறிந்தவர்கள் இப்பொருத்தத்தைக் கண்டு நகைப்பதுண்டு.

இனி வர்ணம் கழற்றுதலைப் பார்ப்போம். கடையில் விற்கும் பழைய வகை மருந்துகளின் உயிர்ச்சத்து மெதிலீன் குளோரைட்டு. இரும்பு அதற்கு அசையாது. பொலியெஸ்ரரோ வர்ணத்தைப் போன்ற இனத்தது. எனவே மருந்து இரண்டையும் வேறுபிரித்து அறியாது. அதன் ஆவி மூடிய அறையில் மனிதரையும் கொல்லவல்லது. அமெரிக்காவில் இதனைக் கொண்ட வர்ணங் கழற்றிகளைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019 இல் தடைசெய்தனர். கண்ணாடி நாருக்குத் தீங்கற்றவை என்று பெயரிட்ட மருந்துகளும் உள. அவையும் வெடிப்புகளினூடே இறங்கித் தங்கிவிட்டாற் பின்னொருநாட் புதுவர்ணத்தின் கீழிருந்து கொப்புளமாக எழும். மணலூதிக் கழற்றுவதும் ஆகாது. ஜெல் கோற்றிலே ஊசித்துளைகள் விழும். தீச்சுவாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எஞ்சுவது கையும் பொறுமையும். முதலிற் சவர்க்கார நீராற் கழுவி, மெழுகையும் சிலிக்கனையும் நீக்கும் திராவகத்தால் இருமுறை துடைக்கவேண்டும். துடையாமல் அரத்தாள் போட்டால் அந்த மெழுகை நாமே தோலுக்குள் தேய்த்து ஏற்றியவராவோம். பின்னர் அகலமான உளியின் மூலைகளை உருட்டித் தீட்டி, அல்லது சவர அலகை ஒரு பிடியிற் பொருத்தி, மிகச் சாய்வாக வைத்துச் சுரண்டுக. பழைய வர்ணம் முறுகியிருந்தாற் பட்டை பட்டையாக வந்துவிடும். வராத இடத்தில் 80 இலக்க அரத்தாளைத் தட்டையான கட்டையிற் சுற்றித் தேய்க்கலாம். விரலால் அழுத்தித் தேய்த்தாற் பள்ளம் விழும். கீழுள்ள பிறைமரின் நிறம் தோன்றியதும் கை தளரவேண்டும். கதவொன்றுக்கு ஒருநாள் என்று கணக்கிடுபவர் ஏமாறமாட்டார். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாமாதலின், அத்தூளைக் கூட்டி எழுப்பாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தல் நன்று.

தோல் வெளிப்பட்டதும் அதன் வரலாறும் வெளிப்படும். பிணைச்சல் அருகிலும் மூலைகளிலும் நட்சத்திரம்போலக் கிளைவிட்ட கீறல்கள் தோன்றும். மிகையாக முறுக்கிய ஆணியோ, உள்ளிருந்து பட்ட அடியோ இவற்றிற்குக் காரணமாகலாம். இங்கேதான் பட்டி பூசி மறைக்கும் ஆசை எழுகின்றது. பட்டி அசைவைத் தாங்காது; ஓராண்டுக்குள் அதே நட்சத்திரம் அதே இடத்தில் உதிக்கும். கீறலின் இருபுறமும் ஜெல் கோற்றைச் சரிவாக அரைத்தெடுத்து, மெல்லிய கண்ணாடித் திசுவை ரெசினோடு படியவைத்து, உட்புறத்திலும் ஒரு பாய்த்துண்டு ஒட்டினாலன்றி அது தீராது. கூர்மையான விளிம்புகளில் வேறொரு குறை காணப்படும். பாய் அங்கே மடிய மறுத்ததால் ஜெல் கோற்றின்கீழ் வெற்றிடம் தங்கியிருக்கும். நகத்தாற் தட்டினால் ஓசையே காட்டிக்கொடுக்கும். உடைத்துத் திறந்து நிரப்புதலே வழி.

ரெசினை இறுகச்செய்யும் ஊக்கியை நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குக்கு மேற் சேர்த்தல் ஆகாது. அதன் ஒருதுளி கண்ணிற் பட்டாற் பார்வையே போகலாம்.

நம் சப்பிரகமுவ மலைப்பகுதிக்கு உரிய பெரும் இடையூறு ஈரம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு மூவாயிரத்து ஐந்நூறு மில்லிமீற்றருக்குக் குறையாது மழை பெய்கின்றது. தோல் அரைபட்டு வெளித்தெரியும் இழைகள் விளக்குத்திரிபோல ஈரத்தை உள்ளிழுக்கும். அந்நிலையில் வர்ணம் பூசினால் அன்று ஒன்றும் தெரியாது. காரை வெயிலில் நிறுத்திய முதல்நாள், உள்ளிருந்த நீர் ஆவியாகி, கடுகுபோற் சிறிய கொப்புளங்களை ஆயிரக்கணக்கில் எழுப்பும். ஆகவே இழை தெரியும் இடத்தில் நீர்விட்டு அரத்தாள் போடுதல் கூடவே கூடாது. தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்து வாட்டுவோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு: உலர்த்துவது வெப்பத்திலும் காற்றோட்டமே. காரும் அவ்வாறே. கூரையுள்ள கொட்டிலில், விசிறி ஒன்று ஓட, இரண்டு மூன்று வாரம் வைக்கவேண்டும். உலர்ந்ததோ என்று அறிய எளிய சோதனை உண்டு. சாண் அகலமான பொலித்தீன் துண்டொன்றின் நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஓரிரவு விட்டு, காலையிற் பார்க்க. உட்புறத்தில் வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க. சனவரி முதல் மார்ச்சு வரையே இவ்வேலைக்குத் தக்க காலம். தீபாவளிக்கு வண்டி வேண்டுமென்று ஐப்பசியில் அவசரப்படுத்துவோர் பின்னர் வருந்துவர்.

உலர்ந்தபின் எப்பொக்சிப் பிறைமராற் தோலை மூடுக. அதன்மேற் தெளிக்கும் பொலியெஸ்ரர் நிரப்பியே மேற்பரப்பைச் சமமாக்குவது. அதன்மேற் கருநிறத்தை மெலிதாகத் தூவி, நீண்ட கட்டையால் 180, பின்னர் 320 இலக்கத் தாள்கொண்டு தேய்த்தால், மேடு வெளுக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். கண்ணிலும் இது நம்பத்தக்கது. இவ்வேலையிற் கண்ணாடி நார் ஒரு குறும்பு செய்யும். அது மின்கடத்தாப் பொருளாதலால், தேய்க்கத் தேய்க்க மின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கும். வர்ணம் விசிறுமுன் நிலத்தை நனைத்து, மேற்பரப்பைத் திராவகம் தோய்த்த துணியால் மெல்ல ஒற்றுதலே பரிகாரம்.

பழைய கார்களுக்குரிய செலுலோஸ் வர்ணத்தை மாலைப் பனியில் விசிறினால் அது பால்போல வெளிறும். தின்னர் விரைந்து ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதிற் படிவதே காரணம். முற்பகலிற் பூசுக. இக்காலத்து இருகூட்டு வர்ணம் உறுதியானது, பளபளப்பானது. ஆனால் அதன் இறுக்கியிலுள்ள ஐசோசயனேற்று நுரையீரலைப் பிடிக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பின்னர் சிறுதுளி போதும், மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு இவ்வர்ணத்தை விசிறும் இளைஞர்களை யான் கண்டிருக்கிறேன். வெளியிலிருந்து குழாய்வழி காற்றூட்டும் முகமூடி இல்லாத கராஜிலே இவ்வர்ணத்தைக் கேட்பது தகாது. காருக்கு உரிமையாளர் அவ்வளவு பணம் செலவிடுகிறார். வேலைக்காரனுடைய மூச்சுக்கும் அவரே செலவிடட்டும்.

சூட்டுக்கூண்டில் வைத்து உலர்த்துவோர் 60 பாகை செல்சியஸைத் தாண்டாதிருக்க. அதற்கு மேல் ரெசின் இளகத் தொடங்கி, பாயின் நெளிவுகள் வர்ணத்தினூடே பதிந்து தெரியும். கருநிறக் காரை நண்பகல் வெயிலில் விட்டாலும் இதே கதிதான். வெள்ளை, மஞ்சள் போன்ற நிறங்களே நம் நாட்டுக்கு ஏற்றன.

பூட்டும்போது நினைவில் வைக்கவேண்டியது ஒன்று. இரும்புக் காரில் உடலே மின்சாரத்தின் திரும்புவழி. இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி நிலக்கம்பி உண்டு. புதுவர்ணம் அக்கம்பியின் முனையை மூடியிருக்கும். விளக்கு எரியாவிடின் பல்பை மாற்றுமுன் அம்முனையைச் சுரண்டிப் பார்க்க.